உமிஹானாவின் வீட்டுப்பக்கம் சாய்ந்த மினாரா

பிளம் பறித்து முடிந்த வாரத்தில், கமேனிக் ஊர்ப் பள்ளிவாசலின் மினாரா மெத்தைக்காரி உமிஹானாவின் வீட்டை நோக்கி ஒரு சாண் சாய்ந்தது. அந்த ஆண்டு பிளம் விளைச்சல் நடுத்தரம். கூடை ஒன்று முந்தைய ஆண்டைவிடச் சற்றே குறைந்த விலைக்குப் போயிற்று. மினாரா சாய்ந்ததை ஊரில் கண்ணுள்ள ஒவ்வொருவரும் தத்தம் சன்னல் வழியாகக் கண்டார்கள். உமிஹானா மட்டும் காணவில்லை. அவளுடைய சன்னலிலிருந்து பார்த்தால், கட்டிய நாள்முதல் நின்றதைப் போலவே அது நேராக நின்றது. இதை அவள் அண்டைவீட்டு நெஃபீசாவிடம் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது.

"நேரா நிக்குதா?" என்றாள் நெஃபீசா. "அவ்வளவு பெரிய மினாரா உன் வீட்டுப் பக்கமாத் தலைய நீட்டுது. உனக்கு மட்டும் தெரியலையாக்கும்."

பிற்பகல் பாங்கு முடிவதற்குள் இந்தப் பேச்சு பாலத்தைக் கடந்து அக்கரைக்கும் போய்விட்டது. உமிஹானா பொய் சொல்கிறாள் என்பதில் ஊருக்கு இரண்டாவது கருத்து இருக்கவில்லை. எதற்காகப் பொய் சொல்கிறாள் என்பதில் மட்டும் பல கருத்துகள் இருந்தன. அவையும் குளிர் இறங்குவதற்குள் ஒன்றாயின.

அந்தப் பள்ளிவாசலைக் கட்டியவர் இஸ்கெந்தர் என்னும் கணக்கதிகாரி. சுல்தானின் அமைச்சர் ஒருவருக்கு வரிக்கணக்குப் பார்த்தவர், எவரையும் நம்பாதவர். கல் உடைக்கும் இடத்தில் ஒருமுறையும் கட்டும் இடத்தில் ஒருமுறையும் ஒவ்வொரு கல்லையும் எடைபோட வைத்தார். சாந்தில் கலப்பதற்காக ஊரிலுள்ள முட்டைகளையெல்லாம் வாங்கிக்கொண்டார். ஆகையால் அந்த இளவேனிலில் கமேனிக்கில் ஒரு குஞ்சும் பொரியவில்லை. அடுத்த இளவேனிலில் கூவுவதற்கு ஒரு சேவலும் இல்லாமல் ஊரார் தாமாகவே விழித்துக்கொள்ளப் பழகினார்கள். சதுரமான தொழுகைக்கூடம், அதன் நான்கு மூலைகளிலும் தேனடைபோல் செதுக்கிய வளைவுகள், அவ்வளைவுகளின்மேல் எட்டுப்பட்டைக் கழுத்து, கழுத்தின்மேல் ஒற்றைக் குவிமாடம். முன்னால் நான்கு தூண்கள் தாங்கும் மூன்று சிறு மாடங்கள். வலப்பக்கத்தில் மினாரா. குவிமாடத்தின்மேல் வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசி, அதன்மேல் ஈயத்தகடுகளை ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் விளிம்பைக் கவ்வும்படி மடித்து மூடினார்கள். கட்டி முடித்த மேஸ்திரியையும் இஸ்கெந்தர் நம்பவில்லை. கட்டடம் ஒரு மயிரிழை இறங்கினாலும் தமக்குத் தெரியவேண்டும் என்றார். மேஸ்திரி, தொழும் திசையைக் காட்டும் சுவர்மாடமான மிஹ்ராபின் இருபுறமும் மணிக்கட்டுப் பருமனுள்ள இரண்டு சலவைக்கல் தூண்களைக் குழிகளில் நிறுத்தினார். அவை எதையும் தாங்குவன அல்ல. கட்டடம் நேராக இருக்கும்வரை விரலால் தொட்டால் சுழலும். கட்டடம் சாய்ந்தால் இறுகிக்கொள்ளும்.

அன்றுமுதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி எழுந்து சென்று, ஊரார் பார்க்க, இரண்டு விரல்களால் அத்தூண்களைச் சுழற்றுவது வழக்கமாயிற்று. சுழன்றதைக் கண்ட பின்னரே மக்கள் செருப்பைத் தேடினார்கள். வாரத்தில் அந்த ஒரு நொடி மட்டும் கமேனிக்கில் எவரும் எவரையும் சந்தேகிக்கவில்லை.

மினாரா சாய்வதற்கு ஒரு மாதத்துக்கு முன்பு மலையிலிருந்து ஒரு காற்று இறங்கிற்று. அது வேறெதையும் தொடவில்லை, வைக்கோற்போர்கள்கூட அசையவில்லை. குவிமாடத்தின் ஈயத்தை மட்டும் ஆரஞ்சுத் தோல்போல் உரித்து, பள்ளி முற்றத்திலும், கல்லறைகளின் தலைமாட்டில் நிற்கும், தலைப்பாகை செதுக்கிய மீசான் கற்களுக்கு இடையிலும் பரப்பிவிட்டுப் போயிற்று. காலைப் பாங்கு சொல்லப் போன மோதினார் தெர்விஷ் தகடுகளைக் கண்டார். வெயில் ஏறியபோது முற்றம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

ஈயத்துக்கு அந்த ஊரில் ஒரு பயன் உண்டு. பயந்தவரை உட்காரவைத்து, தலைக்கு மேல் துணியைப் பிடித்து, உருக்கிய ஈயத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். ஈயம் உறையும் வடிவத்தில் பயத்தின் முகம் தெரியும். முகம் தெரிந்த பயம் திரும்பி வராது. சாதாரண ஈயமே இதற்குப் போதும். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தொழுகைக்குக் கூரையாக இருந்த ஈயம் என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

உமிஹானாவுக்கும் அது வேண்டியிருந்தது. சுல்தானின் ஆட்சிக்குப் பின் வந்த பேரரசரின் படையோடு வடக்கே போன கணவன் திரும்பாத ஆண்டிலிருந்து அவள் தூக்கம் முறிந்துபோயிருந்தது. ஆனால், என்ன காரணத்தாலோ, அந்த ஒரு விடியலில் மட்டும் அவள் அயர்ந்து தூங்கிவிட்டாள். எழுந்து, ஒரு கிழிந்த விரிப்பை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனபோது ஒரு தகடும் மிஞ்சியிருக்கவில்லை. வெறும் விரிப்போடு திரும்பினாள். திரும்பும்போது நெஃபீசாவின் மரச்சட்டச் சன்னலுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. அதுமுதல் அவளுக்கு ஒரே கவலை: நெஃபீசா பார்த்திருப்பாளோ, பார்த்தாளென்றால் எதைப் பார்த்தாள், விரிப்பு வெறுமையாக இருந்ததையும் பார்த்தாளா.

மினாரா சாய்ந்ததும் ஊருக்குக் காரணம் புரிந்துவிட்டது. இஸ்கெந்தர் கணக்குத் தவறாதவர். தம் ஈயம் எங்கே இருக்கிறது என்பதை மினாராவைக் கொண்டு காட்டுகிறார். அது திங்களுக்குத் திங்கள் இன்னும் சாய்ந்தது. உமிஹானாவிடம் மெத்தை தைக்கக் கொடுத்தவர்கள் ஆட்டு ரோமத்தை எடைபோட்டுக் கொடுத்து, எடைபோட்டு வாங்கினார்கள். அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசற்படியிலேயே நிறுத்திக் கையில் காபியைக் கொடுத்தார்கள். கமேனிக்கில் விருந்தாளிக்கு மூன்று காபி உண்டு: வரவேற்க ஒன்று, பேச்சுக்கு ஒன்று, எழுந்து போகச் சொல்வதற்கு ஒன்று. அவளுக்கு மூன்றாவது மட்டுமே கிடைத்தது. அதுவும் பாதிக் கோப்பை. தெருவில் நடந்தால் அவளுக்குத் தலை சுற்றிற்று. தூக்கமில்லாததால் என்று எண்ணிக்கொண்டாள். மற்றவர்களும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்தியிருந்தார்கள் என்பதை அவள் அறியவில்லை. சுன்னத்து விருந்துகள்கூட முற்றத்தில், நின்றபடியே நடந்தன. பள்ளிவாசலில் தொழுகை வரிசையில் நிற்பவர்கள், பக்கத்தில் நிற்பவன் தம்மீது சாய்கிறான் என்று முத்தவல்லியிடம் புகார் சொன்னார்கள். அந்தப் பக்கத்தில் நின்றவனும் அதையே சொன்னான்.

முத்தவல்லி ஃபெய்ஸாகா நேர்மையானவர்; ஆகையால் கடுமையானவர். மினாரா சாய்ந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் தூண்களை ஊரார் முன்னிலையில் சுழற்றுவதை நிறுத்திவிட்டார். எல்லோரும் போன பிறகு தாமே சுழற்றிப் பார்ப்பதாகச் சொன்னார். உண்மையில் அவற்றை அவர் தொடவே இல்லை. இறுகியிருந்தால் அரசு பள்ளிவாசலைப் பூட்டிவிடும் என்று அஞ்சினார். சுழற்றாத தூண் இறுகியிருக்கிறதா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது என்பதே அவருக்கிருந்த ஒரே ஆறுதல்.

அடுத்த ஆண்டு, பேரரசரின் அரசு ஒரு பொறியாளரை அனுப்பிற்று. அவர் செக் இனத்தவர்; தொப்பி போட்டவர்; மினாராவின் மாடத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, மினாரா நூல் பிடித்தாற்போல் நேராக நிற்கிறது என்று எழுதினார். ஊர் அந்த நூலை விசாரித்தது. பொறியாளரின் சொந்தக் கயிறு வழியில் அறுந்துவிட்டதால், அவர் உமிஹானாவின் மெத்தைக் கடையிலேயே கயிறு வாங்கியிருந்தார். அதற்குமேல் அந்த அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. ஊர் வீடுகளைக் குறித்தும் ஊராரின் நடையைக் குறித்தும் பொறியாளருக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. ஆனால், அவரை அனுப்பியது மினாராவுக்காக. கேட்காததை அளக்க அவருக்குப் படி கிடையாது.

இரண்டாம் ஆண்டின் இறுதியில் ஃபெய்ஸாகா முடிவெடுத்தார். உமிஹானாவின் வீடு நிற்பது பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த வக்ஃபு நிலம். பெருநாளுக்குள் ஈயம் வராவிட்டால், வீட்டை அடித்தளம்வரை தோண்டிப் பார்ப்பது. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மினாரா விழப்போகும் இடத்தில் இனி வீடு கூடாது. உமிஹானாவுக்கு வேறு வீடு இல்லை. அவளை ஏற்றுக்கொள்ள வேறு ஊரில் ஆளும் இல்லை. பெருநாள் வந்து போயிற்று. ஈயம் வரவில்லை.

ஃபெய்ஸாகாவும் தெர்விஷும் இன்னும் சிலரும் கடப்பாரைகளோடு வந்த காலையில், உமிஹானா கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள்.

"இடிக்க வந்தவனுக்கும் முதல் காபி உண்டு," என்றாள். "உக்காருங்க. கடப்பாரையெல்லாம் செருப்போட வெளியில இருக்கட்டும்."

முதல் காபியை மறுப்பது அந்த ஊரில் எவராலும் இயலாது. சுவரோர இருக்கைகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவள் தாழ்ந்த வட்டமேசையில் கோப்பைகளை வைத்து, ஒவ்வொன்றையும் விளிம்புவரை நிரப்பினாள். யாரும் கையை நீட்டவில்லை. எல்லோரும் குனிந்து கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷம் என்று சந்தேகிக்கிறார்கள் என எண்ணி, அவள் தன் கோப்பையை முதலில் எடுத்துக் குடித்தாள். அப்போதும் அவர்கள் அசையவில்லை.

மனத்தில் எதையும் அடக்கிவைக்கத் தெரியாதவர் தெர்விஷ். குரலுக்காகவே அவரை மோதினார் ஆக்கியிருந்தார்கள்.

"இது ஏன் நேரா நிக்குது?" என்றார்.

"எது?"

"காபிதான்."

"காபி வேற எப்படி நிக்கும், மோதினாரே? கையக் கட்டிக்கிட்டா?"

"இல்ல. எங்க வீட்ல ஒரு ஓரமா ஒதுங்கிக்கும். கோப்பைக்குள்ள இந்தப் பக்கம் வழியும், அந்தப் பக்கம் காஞ்சு கிடக்கும்..." என்று தொடங்கிய தெர்விஷ், என்ன சொல்லிவிட்டோம் என்று உணர்ந்து வாயை மூடிக்கொண்டார்.

"உன் வீட்லயா?" என்றார் ஃபெய்ஸாகா. "எத்தனை நாளா?"

"மேசைக் காலுக்கு ஆப்பு வெச்சிருக்கேன். அப்ப சரியாத்தான் இருக்கு."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

கூட வந்திருந்த சேணம் தைப்பவன், தன் வீட்டில் ரசம் தட்டின் ஒரு பக்கமாகத்தான் நிற்கிறது என்றும், அதனால் மனைவி இரண்டு ஆண்டுகளாகக் கெட்டிக் குழம்பே வைக்கிறாள் என்றும் தரையைப் பார்த்துச் சொன்னான். ரொட்டிக்காரன் தன் தொட்டில் தானாகவே ஆடுகிறது என்றான். நல்லதுதான், ஆனால் நிற்க மறுக்கிறது. ஒவ்வொருவரும், கோணல் தன் வீட்டுக்கு மட்டுமே வந்தது என்று நம்பியிருந்தார்கள். கள்வனைத் தேடுகிற ஊரில், கோணிய வீட்டுக்காரன் என்று பெயரெடுக்க யாரும் விரும்பவில்லை. ஆகவே மேசைக்கு ஆப்பு வைத்து, வாசலைச் சாத்தி, வந்தவர்களைப் படியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

"என்ன செஞ்ச நீ?" என்று ஃபெய்ஸாகா உமிஹானாவைக் கேட்டார். "ஊரே கோணுது, உன் வீடு மட்டும் ஏன் கோணல? அடியில என்ன புதைச்சு வெச்சிருக்க?"

இந்தக் கேள்வியைத்தான் உமிஹானா இரண்டு ஆண்டுகளாக எதிர்பார்த்திருந்தாள். ஆயிரம் முறை ஒத்திகை பார்த்த மறுப்பு அவள் நாக்கில் தயாராக இருந்தது. நெஃபீசாவின் சன்னல் எதிரே திறந்திருந்தது. அவள் அந்தச் சன்னலுக்கும் கேட்கும்படியாகவே பேசினாள்.

"நானும் போனேன், ஃபெய்ஸாகா. அன்னைக்குக் காலையில விரிப்பை எடுத்துக்கிட்டு நானும்தான் போனேன். தூங்கித் தொலைச்சிட்டேன், போய்ப் பார்த்தா ஒரு துண்டுகூட இல்ல. எல்லாத்தையும் வழிச்சு எடுத்திட்டுப் போயாச்சு. என் பங்கை எடுத்தவன் எவன்னு நானும் ரெண்டு வருஷமாத் தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

"என்ன பங்கு?" என்றார் ஃபெய்ஸாகா.

"நான் ஒண்ணுதான் எடுத்தேன்," என்றான் சேணக்காரன், யாரும் கேட்காமலே. "எங்கம்மா தூக்கத்துல அலறுவாங்க. அதுக்குத்தான். மிச்சமெல்லாம் யார் எடுத்தாங்களோ."

"நானும் ஒண்ணே ஒண்ணு," என்றார் தெர்விஷ். "அவ்வளவு கிடந்துச்சு. ஒண்ணு போனா இஸ்கெந்தருக்குத் தெரியவா போகுதுன்னு நினைச்சேன்."

ரொட்டிக்காரன் ஒன்று. அவன் மைத்துனன் ஒன்று. எதிர்ச் சன்னலிலிருந்து, எவரும் எதிர்பாராத விதமாக, நெஃபீசாவின் குரல் கேட்டது: "என்னுது சின்னது. ஓரத் தகடு."

வீட்டுக்கு ஒன்றாக ஊரே எடுத்திருந்தது. தான் எடுத்தது ஒன்றுதான், முழுக் கூரையையும் எடுத்த கள்வன் வேறொருவன் என்று ஒவ்வொருவரும் உண்மையாகவே நம்பியிருந்தார்கள். ஒரு தகட்டின் எடைக்கு ஒரு வீடு சாயாது. ஆயினும் சாய்ந்திருந்தது.

"நான் எடுக்கல," என்றார் ஃபெய்ஸாகா.

"உங்க வீட்ல காபி எப்படி நிக்குது, ஃபெய்ஸாகா?" என்று கேட்டாள் உமிஹானா.

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குடிக்கவில்லை.

"தூணைச் சுத்திப் பாருங்க," என்றாள் அவள்.

"வாராவாரம் சுத்துறேன்."

"நாங்க யாரும் பார்க்கல."

கடப்பாரைகளை வாசலிலேயே விட்டுவிட்டு எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போனார்கள். உமிஹானா முன்மாடத்தில் நின்றுகொண்டாள். ஃபெய்ஸாகா மிஹ்ராபின் முன்னால் நெடுநேரம் நின்றார்; தொழுகிறார் என்று சிலரும், காலம் கடத்துகிறார் என்று சிலரும் எண்ணினார்கள். பிறகு வலப்புறத் தூணில் இரண்டு விரல்களை வைத்தார். எண்ணெயிட்ட ராட்டைபோல் அது ஓசையின்றிச் சுழன்றது. இடப்புறத் தூணும் சுழன்றது. அவர் விரலை எடுத்த பிறகும் சற்று நேரம் சுழன்றுகொண்டிருந்தது.

பள்ளிவாசல் சாயவில்லை. மினாராவும் சாயவில்லை. சாய்ந்திருந்தது ஊர். பேச்சுக்கு நடுவே, பிடிக்காத ஒருத்தியிடமிருந்து ஆட்கள் தோளைச் சாய்த்து ஒதுங்குவதுபோல், கமேனிக்கின் வீடுகளும் தெருக்களும் மனிதர்களும் உமிஹானாவின் வீட்டுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருந்தார்கள். சாய்ந்த சன்னல்களிலிருந்து பார்த்தபோது, நேராக நின்றது அவள் பக்கம் சாய்ந்ததாகத் தெரிந்திருக்கிறது. இது விளங்கியபோது யாரும் வியக்கவில்லை. பெரும்பாலோர், கீழே விழுந்துவிடாதபடி பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டை இடிக்கும் முடிவு அன்றே கைவிடப்பட்டது. உமிஹானா தன் ஆயுளுக்கும் அங்கே குடியிருக்கலாம் என்று வக்ஃபு சார்பில் வாக்குக் கொடுக்கப்பட்டது. எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. நெஃபீசா ஒரு தட்டுக் கீரைப் பணியாரம் அனுப்பினாள். உமிஹானா தட்டில் பிளம் பாகு வைத்துத் திருப்பி அனுப்பினாள். பணியாரத்தைத் தின்றாளா என்பது தெரியவில்லை.

அந்த வாரத்திலிருந்து ஈயத்தகடுகள் ஒன்றிரண்டாகப் பள்ளியின் முன்மாடத்தில் தோன்றலாயின. யார் வைத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. தகடு ஒன்று திரும்பியதும், ஊரில் எங்காவது ஒரு வீடு முதுகை நிமிர்த்தும் கிழவனைப்போல் முனகிக்கொண்டு நிமிர்ந்தது. அந்த ஓசை கேட்டால் அண்டைவீட்டார் மரியாதைக்காக இருமினார்கள். இளவேனிலில் குவிமாடம் மறுபடி மூடப்பட்டபோது, கழுத்துக்கு அருகே ஒரே ஒரு தகடு குறைந்தது. அதே சமயம், ஊரில் ஒரே ஒரு வீடு இன்னும் சாய்ந்திருந்தது. அது ஃபெய்ஸாகாவின் வீடு.

அவர் தம் வீட்டுத் தரையை ஊரார் முன்னிலையில் தாமே தோண்டினார். மண் இருந்தது, மண்ணுக்கு அடியில் பாறை இருந்தது, ஈயம் இல்லை. தாம் எடுக்கவே இல்லை என்று குர்ஆன்மீது கை வைத்துச் சொன்னார். விற்றிருப்பார் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அதையும் உரக்கப் பேசவில்லை. வீடு சாய்ந்தபடியே இருந்தது. உமிஹானா அவரை நம்பினாளா என்று சொல்வதற்கில்லை. நம்பும் பழக்கம் அவளிடம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால், இலையுதிர் காலத்தில் அவர் தனியே அவள் கடைக்கு வந்தபோது, அவரை உள்ளே உட்காரவைத்தாள்.

"கண்ண மூடினா உருண்டுபோய்ச் சுவர்ல முட்டுறேன்," என்றார் அவர். "ஒரு மெத்தை வேணும்."

"ஒரு பக்கம் தடியா, ஒரு பக்கம் மெல்லிசா."

"எந்தப் பக்கம் தடியா இருக்கணும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்கு எதிர்ப்பக்கம்," என்றாள் உமிஹானா.

மெத்தை தயாரானதும் அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். தடித்த பக்கத்தை அழுத்தினார். கனமாக இருந்தது.

"உள்ள என்ன வெச்சிருக்க?"

"ஆட்டு ரோமம்."

"வேற?"

"நூல்."

அவர் கத்தியை எடுத்து, மெத்தையின் மூலையைப் பிரித்து, முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார். ரோமம் மட்டுமே இருந்தது. உமிஹானா ஊசியில் நூல் கோத்து, அவர் கையை எடுக்கும்வரை காத்திருந்து, மூலையை மறுபடி தைத்துக் கொடுத்தாள்.

அன்றிரவிலிருந்து ஃபெய்ஸாகா நன்றாகத் தூங்கினார். அவர் சன்னலிலிருந்து மினாரா தொடர்ந்து சாய்ந்தே தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் எல்லோர் முன்னிலையிலும் தூண்களைச் சுழற்றிவிட்டு, "இன்னும் சாயுது," என்பார். "சாயுது, ஃபெய்ஸாகா," என்று ஊரார் ஒத்துக்கொண்டு செருப்பைத் தேடுவார்கள். குறைந்த தகட்டின் இடத்தில் வக்ஃபு ஒரு வெள்ளைத் தகரத்தை அடித்தது. மழைக்கு அது போதுமாக இருந்தது. ஃபெய்ஸாகா முதிர்ந்த வயதில் இறந்த பின், அந்த வீட்டுக்குத் தபால்காரர் ஒருவர் குடிவந்தார். இரண்டாம் நாளே, மினாரா மெத்தைக்காரி வீட்டுப்பக்கம் சாய்கிறது என்று அவர் சந்தையில் சொன்னார். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் என்று சொல்லி, சந்தையிலிருந்தவர்கள் அவருக்கு வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தார்கள். வாடகை மற்ற வீடுகளுக்கு உள்ளதே. மெத்தையும் அதில் அடக்கம்.